ரெண்டரை சென்ட்

தீபாவளி எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். போன பதிவு ரொம்ப நீளம் என்று மருமகள் சொன்னாள். இது அதைவிட நீளம். மதியம் படுக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ படித்துக்கொள்ளுங்கள். போனில் தட்டுவதால் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மை போட நீங்கள் இருக்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பார்க்க ஒரு மாணவி வந்திருந்தாள். உங்களில் சிலருக்கு அவளைத் தெரியும் என்பதால் உண்மைப் பெயரைப் போடவில்லை. செல்வி என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

செல்வி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தது 1996-97இல். கணக்கில் கெட்டிக்காரி. வாய்ப்பாட்டில் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொல்லுவாள். அப்பா அம்மா திண்டுக்கல் பக்கத்திலிருந்து மழை பொய்த்த ஒரு வருடத்தில் மூட்டை முடிச்சோடு திருப்பூர் வந்தவர்கள். எட்டு முடிந்ததும் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், அடுத்த திங்கட்கிழமை பிள்ளையைப் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க அனுப்பிவிட்டார். பிறகு ஓவர்லாக் தைக்கப் பழகினாள். 2003 தையில் கல்யாணம். மாப்பிள்ளை கட்டிங்கில் வேலை. 2008இல் ஒரு பெண் குழந்தை. இப்போது அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள்.

வந்தவள் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் இருக்கும் லைன் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். எட்டு வீடும் காலி செய்ய வேண்டும். அந்த இடத்தில் குடோன் வருகிறதாம். தை பிறப்பதற்குள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மார்கழியில் யாரும் குடி போகமாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். ஆகவே கணக்குப்படி கார்த்திகைக்குள் வேறு வீடு பிடித்தாக வேண்டும். பிள்ளைக்கு மார்ச்சில் பரீட்சை.

"வீடு பாத்துட்டுத்தான் இருக்கோம் டீச்சர். கிடைச்சிரும். நான் அதுக்கு வரல. எனக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுங்க."

"என்ன கணக்கு கண்ணு?"

"கல்யாணம் ஆனதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் நாங்க வாடகை குடுத்தது மொத்தம் எவ்வளவு ஆகும்னு."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 2003 முதல் 2006 வரை மாதம் 800. பிறகு ஐந்து வருடம் 1,500. 2012 முதல் 2016 வரை 2,800. அடுத்த ஐந்து வருடம் 4,200. 2022லிருந்து 6,000. நடுவில் கூடக் குறைய இருக்கும், அவள் மனதில் நின்ற தொகைகள் இவை. கூட்டினால் 8,36,400 ரூபாய். நான் கோடு போட்டு முடித்துவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊரடங்கு சமயத்துல ஒரு மாச வாடகைய அந்த வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார் டீச்சர், அதைக் கழிச்சிருங்க" என்றாள். கழித்தேன். 8,32,200.

கரண்டுக்குக் கொடுத்தது இதில் சேராது. வீடுகளுக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசு 2016இலிருந்து கொடுக்கிறது. லைன் வீட்டில் ஒரே மீட்டரிலிருந்து சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்த விலைதான் விலை. அட்வான்ஸ் தனி. புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. செல்வி கையில் 23 வருடத்தில் ஒரு ஒப்பந்தத் தாளும் வந்ததில்லை. இப்போது போன இடத்தில் 60,000 அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்மிலேயே லைன் வீடு கட்டி வாடகை வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சப் மீட்டர் சங்கதியும் தெரியும்.

அந்தத் தாளை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்ன வாக்கியம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அந்த ரெண்டரை சென்ட்ட வாங்கியிருந்தா டீச்சர்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அந்த ரெண்டரை சென்ட் கதையைச் சொல்கிறேன்.

2009. திருப்பூர் தனி மாவட்டமாகிய வருடம். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சோளக்காட்டைச் சமன்படுத்தி, வெள்ளை அடித்த கல் நட்டு, சைட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். சென்ட் 45,000. ரெண்டரை சென்ட் 1,12,500. முன்பணம் 20,000, மீதி 92,500ஐ மாதம் 2,500 வீதம் 37 மாதத்தில் கட்டலாம். தவணை முடிந்ததும் பத்திரம். செல்வியும் அவள் வீட்டுக்காரரும் ஒரு ஏலச்சீட்டை எடுத்து 20,000 சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்தாள். அந்தக் குடும்பத்தில் காகிதம் படித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நான் அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். டி.டி.சி.பி. அப்ரூவல் எண் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை மட்டும் இருந்தது. டீச்சர் அல்லவா, ஒரு வகுப்பே எடுத்தேன். "நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இல்லாத மனை செல்லாது. நாளைக்கு ரோடு வராது, தண்ணி வராது, பேங்க்ல லோன் தரமாட்டான். தவணை கட்டி முடிக்கிறதுக்குள்ள புரோக்கர் ஓடிட்டா என்ன பண்ணுவ? பணத்தை போஸ்ட் ஆபீஸ்ல போடு. நல்ல சைட்டா பாத்து வாங்கிக்கலாம்."

அவள் கேட்டுக்கொண்டாள். என் பேச்சைக் கேட்டவர்களில் அவள் முதலிடம்.

அந்தப் பணம் போஸ்ட் ஆபீஸில் அதிக நாள் இருக்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளுக்கும் நடந்ததை நினைத்தால் அந்த உத்தரவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயம் நின்றால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் தையல் இல்லை. செல்விக்கு வாரத்தில் பாதி நாள் வேலை. சேர்த்தது கரைந்தது.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியவே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பேப்பரில் படித்தவுடன் அவளுக்குப் போன் பண்ணினேன். "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று கேட்டேன். எவ்வளவு பெருமையாகக் கேட்டேன் என்பது இப்போது நினைத்தால் கூசுகிறது. "ஆமாங்க டீச்சர், நல்லவேளை" என்றாள்.

அடுத்த வருடமே அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற அங்கீகாரமில்லாத மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். அந்தச் சோளக்காட்டில் வாங்கியவர்கள் கட்டணம் கட்டினார்கள். ரோடு வந்தது. தெருவிளக்கு வந்தது. செல்வியோடு அதே பேட்சில் தைத்த இன்னொரு பெண் அங்கே இரண்டு சென்ட் வாங்கி, முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிறகு ஒட்டு வீடு, இப்போது மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டாள். அவள் புதுமனை புகுவிழாவுக்கு செல்வி பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் இப்போது சென்ட் 7 லட்சம் சொல்கிறார்கள். ரெண்டரை சென்ட் பதினேழரை லட்சம்.

நான் சொன்னது தப்பா? இந்த ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தப்பில்லை. அதே காலத்தில் இதே மாதிரி வேறொரு இடத்தில் தவணை கட்டிய மாணவன் ஒருவன் புரோக்கரைத் தேடி இன்னமும் அலைகிறான். ஓடைப் புறம்போக்கில் கல் நட்டு விற்றதை வாங்கியவர்களுக்கு எந்த வரன்முறையும் உதவவில்லை. சட்டப்படி நான் சொன்னது நூற்றுக்கு நூறு.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த வீட்டு மனையும் அப்ரூவல் இல்லாததுதான்.

1991இல் நாங்கள் இந்த மூன்றரை சென்ட்டை வாங்கினோம். சென்ட் 12,000. மொத்தம் 42,000. என் சம்பளம் அப்போது பிடித்தம் போகக் கையில் 2,000 ரூபாய் மாதிரி வரும். அப்போது இந்தப் பக்கமெல்லாம் ஊருக்கு வெளியே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடக்கப் பயமாக இருக்கும். திருப்பூர் 2008இல் மாநகராட்சியாகி, பிறகு வேலம்பாளையம், நல்லூர், சுற்றியிருந்த பஞ்சாயத்துகள் எல்லாம் சேர்ந்தபோது நாங்களும் நகரத்துக்குள் வந்துவிட்டோம். எங்கள் லேஅவுட்டிலும் பஞ்சாயத்துத் தலைவர் முத்திரைதான். என் கணவர் கேட்டதற்கு, "எல்லாரும் வாங்கறாங்க, நாமளும் வாங்கலாம், பி.எப்.ல அட்வான்ஸ் போடறேன்" என்று சொன்னது நான்தான். 2018இல் நான் ஓய்வு பெற்ற பிறகு மாடி எடுக்க பிளான் போடப் போனபோதுதான் பையன் கண்டுபிடித்தான். வரன்முறைக் கட்டணம் கட்டினோம். முடிந்தது.

எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. ஒரு 42,000 போனாலும் அடுத்த மாதம் முதல் தேதி இருக்கிறது என்ற தைரியத்தில் துணிந்தேன். அவளுக்கு அந்தத் தைரியம் கூடாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஏழைக்கு ஜாக்கிரதையைச் சொல்லிக் கொடுப்பது சுலபம்.

இன்னொரு கணக்கு. 1991இல் இங்கே ஒரு சென்ட் என் ஆறு மாதச் சம்பளம். இன்று இதே தெருவில் போன வருடம் கைமாறிய இடம் சென்ட் 25 லட்சம். 40,000 சம்பளம் வாங்கும் ஒரு இளம் ஆசிரியைக்கு அது 62 மாதச் சம்பளத்துக்கு மேல், அதாவது ஐந்து வருடத்துக்கும் அதிகம். இத்தனைக்கும் நான் இந்த மண்ணில் செய்தது ஒரு வேப்பமரம் நட்டதுதான். பையன் என்னிடம், "அம்மா, நீங்க முப்பத்தஞ்சு வருசம் பாடம் நடத்தி சம்பாதிச்சதைவிட இந்த மூன்றரை சென்ட் சும்மா இருந்து சம்பாதிச்சது அதிகம்" என்று கேலி செய்வான். அவன் பெங்களூரில் 20 வருடத் தவணையில் அடுக்குமாடி வாங்கிவிட்டு அந்தப் பெருமூச்சில் சொல்வது.

செல்வி கணக்கை அவள் மொழியிலேயே போட்டுப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் எல்லாமே ஷிப்ட் கணக்குத்தானே. 2009இல் அவளுக்கு ஷிப்டுக்கு 150 ரூபாய். ரெண்டரை சென்ட் 750 ஷிப்ட். இப்போது 520 ரூபாய். அதே ரெண்டரை சென்ட் 3,365 ஷிப்ட். வருடத்துக்கு 300 ஷிப்ட் என்று வைத்தால் அன்று இரண்டரை வருடச் சம்பளம், இன்று பதினோரு வருடத்துக்கு மேல். சோறு, வாடகை, பள்ளிக்கூடச் செலவு எதுவும் இல்லாமல். கூலி மூன்றரை மடங்கு ஏறியது. மண் பதினைந்து மடங்குக்கு மேல் ஏறியது. இந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி இப்போது வருடத்துக்கு 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. அந்தப் பணம் ஊருக்குள்தான் வந்தது. வந்தது எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

"லோன் போட்டால் என்ன?" என்று பேங்கில் வேலை பார்க்கும் மாணவர்கள் கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். மனை பதினேழரை லட்சம், 600 சதுர அடியில் எளிமையாக ஒரு வீடு சதுர அடி 2,000 என்றால் 12 லட்சம், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், எல்லாம் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டும். கையில் 6 லட்சம் போட்டு 24 லட்சம் கடன் என்றால் 9 சதவீத வட்டிக்கு 20 வருடம் மாதம் 21,600. நல்ல சீசனில் இருவர் சம்பளமும் சேர்ந்து 30,000. அவளுக்கு வயது 42. கடன் முடியும்போது 62. ஓவர்லாக் மெஷினில் 62 வயதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அதுவும் கடன் கொடுத்தால். ஒரு வங்கியில் போய்க் கேட்டிருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்டார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணி வாங்கும் கூலிக்கு ஏது சீட்டு? அவள் முதல் பத்து வருடம் வேலை பார்த்த இடங்களில் பி.எப். பிடிக்கவே இல்லை. பிடித்தால் கையில் வருவது குறையும் என்று அவளும் கேட்கவில்லை. வாடகை ஒரு மாதம்கூடத் தவறாமல் 23 வருடம் கட்டியிருக்கிறாள். அதைவிட நாணயத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அதற்கு ரசீது இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு அவள் கம்பெனியில் வாரம் நாலு நாள்தான் வேலை. அங்கே யாரோ போடும் கையெழுத்துக்கு இங்கே வாடகை தள்ளிப்போகிறது.

அரசுத் திட்டங்களைப் பற்றியும் தேடிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை. பிரதமர் வீடு திட்டத்தில் நகர்ப்புறத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்பவர்களுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சமும் மாநில அரசு 60,000மும் கொடுத்தன. அதற்குச் சொந்த இடம் வேண்டும். கலைஞர் கனவு இல்லத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம். அது கிராமத்தில் குடிசையில் இருப்பவர்களுக்கு. ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் இருப்பவர்களை எடுத்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடிகளில் குடிவைக்கிறார்கள், முன்பு குடிசை மாற்று வாரியம் என்றோமே, அதுதான். நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. செல்விக்குக் குடிசையும் இல்லை, இடமும் இல்லை, ஆற்றோரத்திலும் இல்லை. தளம் போட்ட லைன் வீட்டில் ஒழுங்காக வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறாள். அதனால் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வருவதில்லை. திண்டுக்கல் பக்கம் இருந்த பூர்வீக வீடும் அண்ணன் தம்பிகள் பங்கில் போய்விட்டது. ஊரில் வீடு இருப்பவர்கள் கம்பெனி வேனில் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறார்கள். குடும்பத்தோடு பெயர்ந்து வந்தவர்களுக்குத்தான் திரும்பிப் போக இடமில்லை.

தொழிலாளிகளுக்குத் தங்குமிடம் கட்டவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு சிப்காட் கட்டிய வளாகத்தை 2024இல் திறந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஹாஸ்டல்கள் இருக்கின்றன. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஒரு கட்டில் சரி. புருஷன், பிளஸ் டூ பிள்ளை, ஒரு தையல் மெஷின், ஒரு கிரைண்டர் இதையெல்லாம் கட்டிலில் வைக்க முடியுமா?

சிங்கப்பூரில் இருக்கும் நம் மாணவனிடம் வாட்ஸ்அப்பில் இதைப் பேசினேன். (நீயும் படிப்பாய் என்று தெரியும், உன் பெயரும் போடவில்லை.) அவன் நிரந்தரவாசி உரிமை பெற்று, கைமாறிய அரசு அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை 1960இல் ஆரம்பித்தார்கள். இன்று அங்கு வாழும் குடும்பங்களில் பத்துக்கு எட்டுப்பங்கு அந்த வீடுகளில்தான். 1968இலிருந்து தொழிலாளியின் சேமநிதிப் பணத்தையே வீட்டுக்குக் கட்டலாம் என்று விட்டார்கள். வீடு 99 வருடக் குத்தகை. அதற்கு முன்னால் 1966இல் நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்து பெரும்பகுதி நிலத்தை அரசே வைத்துக்கொண்டது. அங்கே மண் விலை ஏறினாலும் வீட்டை எந்த விலைக்குக் கொடுப்பது என்று அரசால் யோசிக்க முடிகிறது. இங்கே மண் முழுக்க நம் கையில் இருக்கிறது. விலை ஏறினால் சந்தோஷப்படுகிற கைகள். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "ஆனா டீச்சர், இங்கயும் வொர்க் பர்மிட்ல வந்த நம்ம ஆளுங்க டார்மிட்டரிலதான். வீடு வாங்க முடியாது" என்று அவனே சொன்னான். அவனும் முதல் ஏழு வருடம் அப்படித்தான் இருந்தான்.

"திருப்பூர் வந்தாரை வாழ வைக்கும் ஊர், கைமடிக்க வந்தவன் முதலாளி ஆன ஊர்" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆண்டு விழாவில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனவர்கள் உண்டு, அவர்கள் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் அவர்களில் நிறையப் பேருக்குப் பின்னால் விற்கவோ அடகு வைக்கவோ ஒரு ஏக்கர் தோட்டம் இருந்தது. முதல் நாலு மெஷின் அந்த மண்ணிலிருந்து வந்தது. செல்விக்குப் பின்னால் இருந்தது பதினாறாம் வாய்ப்பாடு மட்டும்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் மாடி போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது. பையன் வந்தால் தங்க என்று வைத்திருக்கிறோம், வருடத்தில் பத்து நாள் வருகிறான். "நீங்க மூணு பேரும் மேல வந்துருங்க. பிள்ளை பரீட்சை முடியட்டும். வாடகை உன்னால முடிஞ்சதைக் குடு, அட்வான்ஸ் வேண்டாம்" என்றேன். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.

"வேண்டாங்க டீச்சர். இங்க குடி வந்தா அப்பறம் உங்கள டீச்சரா பாக்க முடியாதுங்க. வீட்டுக்காரம்மாவாத்தான் பாக்கணும். தண்ணி மோட்டார் போடறதுக்குக்கூட யோசிக்கணும்."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. பிள்ளைகள் மாடிப்படியில் ஓடினால் எனக்குப் பிடிக்காது என்பது எனக்கே தெரியும்.

பாண்டியன் நகர் பக்கம் ஒரு லைன் வீடு பார்த்திருக்கிறார்களாம். 6,500 வாடகை. கார்த்திகை முடிவதற்குள் பால் காய்ச்சிவிடுவார்கள். அட்வான்ஸில் குறைந்த 20,000ஐ நான் கொடுத்தேன். கடனாகத்தான் வாங்கினாள். தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

கிளம்பும்போது பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சைட். இரண்டு சென்ட். சென்ட் 3 லட்சம். சேர்த்து வைத்தது இரண்டரை லட்சம், மகளுக்கென்று வைத்த மூன்று பவுன், கடைசி சில வருடமாகப் பிடிக்கும் பி.எப்.பில் வீட்டுக்கென்று எடுக்க முடிந்தது, இதையெல்லாம் கூட்டினால் எட்டிப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வேலைக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அவள் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் உடனே சொன்னேன். இந்தத் தடவை, "நேர்ல போய்ப் பாக்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறோம். தாளில் அப்ரூவல் எண் போட்டிருக்கிறார்கள், அது நிஜமா என்று பார்க்க வேண்டும். மூலப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றும் கேட்டிருக்கிறேன். உங்களில் பத்திரம் எழுதுகிறவர் இருவர் இருக்கிறீர்கள், சர்வேயர் ஒருவர் இருக்கிறார் என்று நினைவு. யாராவது ஒருவர் கூட வந்தால் நன்றாக இருக்கும். மதியச் சாப்பாடு என் பொறுப்பு, தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். பி.எப். பணம் எடுக்கும் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பத் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்கள். இங்கே கமெண்டில் நம்பர் போட வேண்டாம்.

என்றும் உங்கள் டீச்சர்.